பென்சிலால் எழுதினது

மில்ரன் மோட்டார் சைக்கிளை வேலிக்கு வெளியே நிறுத்தும்போதே, இவன் எதையோ கேட்டு வாங்க வருகிறான் என்று யோசேப்புவுக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வருகிற நாளில் படலையடியில் நின்றே கத்திவிட்டுப் போகிற ஆள் அவன். கேட்க வருகிற நாளில்தான் செருப்பைக் கழற்றுவான். இன்றைக்குக் கழற்றினான்.

யோசேப்பு ஒடை மர நிழலில் குந்தியிருந்து நண்டு வலையைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். சோளகக் காற்று எழும்பிப் பத்து நாள். தென்கரையில் மின்சாரக் காற்றாடிகள் ஓய்வில்லாமல் சுற்றின. போட்டுகள் பாதிக்கு மேல் மணலில் ஏறிக் கிடந்தன. வாயைத் திறந்தால் பல்லில் மணல் அரைபட்டது.

"என்ன மாமா, வலையோ?"

"இல்லை, மீசை. கண் தெரியேல்லையோ? வந்த விசயத்தைச் சொல்லு."

மில்ரன் சிரித்தான். இந்த வருசம் கோயில் திருநாள் நாடகத்துக்குப் பொறுப்பு அவன். "தாயின்ர புலம்பல் இன்னும் வரேல்ல, மாமா. கஜீபன் தாய் வேசத்துக்கு மற்றப் பாட்டெல்லாம் பாடமாக்கிப் போட்டான். ஏழு பிள்ளையளையும் அரசன் வெட்டிப்போட்டான். தாய் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறா. திருநாளுக்குப் பதினெட்டு நாள்தான் கிடக்கு."

"அதுக்கு நான் என்ன செய்ய? நான் எழுதுறவன். பாட்டுக் கட்டுறவன் அவன்."

"அதைத்தான் சொல்லுறன். முத்து மாமாவுக்கு உள்ளுக்க ஒண்டு இறங்கினாத்தானே வரும்? இது என்ர கதையில்ல, ஊருக்கே தெரிஞ்ச கதை. ஒரே ஒரு நாள். பாட்டு வந்த கையோட நிப்பாட்டிப் போடலாம்."

"டொக்டர் சொன்னது உனக்குத் தெரியாதோ?"

"டொக்டர்மார் எல்லாருக்கும் உதைத்தான் சொல்லுறவை."

"எண்டா நீயே கொண்டுபோய்க் குடன்."

"எடித் மாமி என்னை வளவுக்க விடுவாவே? நீங்கள் கூடப்பிறந்த தமையன். உங்களை ஆர் கேக்கப் போகினம்?"

யோசேப்பு முறித்த நண்டுக்காலை அவன் காலடியில் எறிந்தார். "போடா. போய்ச் சுவாமியிட்டக் கேள், பூசை வைன் தருவார்."

அவன் போய்விட்டான். சொன்னது போகவில்லை.

அந்தோனிமுத்து யோசேப்புவின் தங்கை எடித்தைக் கட்டியவர். ஊரின் நாடகப் புலவர். முப்பத்தொரு வருசத்தில் பதினொரு நாடகம் கட்டியிருந்தார். அதில் ஒன்று, இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்தில் தகரக் கொட்டிலுக்குள் இருந்து கட்டியது. ஆனால் அவருக்குப் பேனை பிடிக்க வராது. வாயால் பாடுவார், யோசேப்பு கொப்பியில் எழுதுவார். யோசேப்பு ஐந்தாம் வகுப்பு. அந்தக் காலத்து ஐந்து என்று சொல்லிக்கொள்வார். அதுவும் முழுதாய்ப் படிக்கவில்லை.

அவர்கள் வேலை செய்யும் விதம் ஒன்று இருந்தது. பின்னேரம் யோசேப்பு போத்தலோடு வருவார். கையில் காசிருந்தால் தவறணைச் சாராயம், இல்லாவிட்டால் பனங்கள்ளு. இரண்டு வாய் உள்ளே போனதும் முத்து கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்குவார். வேலிக்கு அங்காலே ஆட்கள் கூடி நின்று கேட்பார்கள். யோசேப்புவின் கை அந்த வேகத்துக்கு ஓடாது. எழுதியது பாதி, விட்டது பாதி. அதனால் அடுத்த நாள் காலையில், ஆறு மணிக்கு முன்னமே, கொப்பியைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு திரும்பவும் போவார். எடித் இரண்டு பேருக்கும் வெறுந்தேத்தண்ணி வைப்பாள். "மச்சான், இஞ்ச ரெண்டாம் அடி விட்டுப்போச்சு, என்ன சொன்னனீ?" என்று கேட்பார். முத்து கோப்பையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மெல்லச் சொல்லுவார். பின்னேரத்து அவசரத்துக்கு நீல மைப் பேனைதான் ஓடும். காலையில் காதில் செருகியிருக்கும் பென்சிலால் எழுதிக்கொள்வார்.

பின்னேரம் வானத்திலிருந்து விழுகிறது, சிந்தினதைக் காலையில் பொறுக்கிக்கொள்கிறோம். யோசேப்பு அப்படித்தான் நினைத்திருந்தார். ஊரும் அப்படித்தான் நினைத்தது. நாடக மேடையில் ஒலிவாங்கியில் பேர் சொல்லும்போது, "பாட்டு, அந்தோனிமுத்துப் புலவர். ஏடு, யோசேப்பு" என்பார்கள். இரண்டாவது பேரைக் கேட்கத்தான் அவர் புதுச் சாரம் உடுத்திக்கொண்டு முன்வரிசையில் இருப்பார்.

பன்னிரண்டாவது நாடகத்தில் இந்தப் புலம்பல் மட்டும் மிச்சமாக நின்றபோது, மாசியில் முத்துவின் வயிறு ஊதிற்று. கண் மஞ்சளாயிற்று. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் தண்ணி எடுத்தார்கள். ஈரல் கருகிப்போனது, இனி ஒரு சொட்டுத் தொட்டாலும் ஆளைத் தேட வேண்டாம் என்று டொக்டர் எடித்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அன்றோடு முத்து நிறுத்தினார். ஐந்து மாதம். போத்தல் நின்றதோடு யோசேப்புவும் காலையில் போவதை நிறுத்திக்கொண்டார். முதல்நாள் எழுதின பக்கம் இல்லாமல் காலையில் எதைக் கேட்பது?

மில்ரன் வந்துபோன அடுத்த நாள் மத்தியானம் யோசேப்பு முத்து வீட்டுக்குப் போனார். எடித் திருக்கை மீன் வறை வைத்திருந்தாள். முத்து கதிரையில் சாய்ந்து கிடந்தார். தோளெலும்பு இரண்டும் சேட்டுக்குள்ளால் தெரிந்தன.

"வா மச்சான். உயிரோட கிடக்கிறனோ எண்டு பாக்க வந்தனீயோ?"

"ஓம். உன்ர கதிரையை நான் எடுக்கலாமெண்டு பாத்தன்."

"எடு. ஒரு கால் ஆடுது, என்னைப்போல."

எடித் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். "அண்ணை, மில்ரன் உங்களிட்டயும் வந்தவனோ? நேற்று இஞ்ச வந்து படலையில நிண்டவன். விளக்குமாத்தை எடுத்தன், ஓடிப்போனான்."

"நாடகம் அரைகுறையா நிக்குதெண்டு அவனுக்கும் கவலைதானே, பிள்ளை."

"நிக்கட்டும். பாட்டில்லாட்டி ஆரும் சாகமாட்டினம்." அவள் வறையை அள்ளி வைத்தாள். "நிறோஜன் போனதுக்குப் பிறகு எனக்கிருக்கிறது இந்த மனுசனும் டிலோஜினியும்தான். அவள் அடம்பனில படிப்பிச்சுக்கொண்டு சனி ஞாயிறு மட்டும் வாறாள். இந்த ஆளையும் குடுத்துப்போட்டு நான் ஆரோட கதைக்கிறது? கழுதையளோடயோ?"

நிறோஜன் அவர்களுடைய மூத்த பிள்ளை, டிலோஜினி இளையவள். அவன் பதினொரு வருசத்துக்கு முன் இதேபோலொரு சோளகத்தில் போட் பிரண்டு போனவன். சவம் கரை ஒதுங்கவில்லை.

எடித் கிணற்றடிக்குப் போனதும் முத்து குரலைத் தாழ்த்தினார். "வருகுதில்லை, மச்சான். தாய் மேடையில வந்து நிக்கிற வரைக்கும் தெரியுது. வாயைத் திறக்கிறா. அதுக்கங்கால இருட்டு."

"யோசிச்சுப் பாத்தனியோ?"

"யோசிக்கப் பயமாக் கிடக்கு." அவர் யோசேப்புவைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசேப்பு ஏசியிருப்பார். கேட்காமல் பார்த்ததுதான் வினை. "உனக்குத் தெரியும்தானே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

யோசேப்பு லேசில் யாரையும் நம்புகிறவரல்ல. டொக்டரை நம்பவில்லை, முகாமில் ஒரு டொக்டர் அவருக்கு மூன்று மாதம் தவணை கொடுத்து இப்போது இருபத்தைந்து வருசம். மில்ரனை நம்பவில்லை. சுவாமியையும் முக்கால்வாசிதான். ஆனால் போத்தலை நம்பினார். பதினொரு நாடகம் அவர் கண்ணெதிரே அதிலிருந்துதான் வந்தது. வேறு எதிலிருந்து வந்தது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு பின்னேரம் கோயிலில் நவநாள் செபம். எடித்தும் டிலோஜினியும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுப் போனதைப் பார்த்த பிறகு, சனிக்கிழமை பஸ் எடுத்து மன்னாருக்குப் போய் வாங்கி வைத்திருந்த அரைப்போத்தலை வலைத்துண்டில் சுற்றிக்கொண்டு யோசேப்பு பின்வேலியால் போனார்.

முத்து போத்தலைக் கண்டதும் சிரிக்கவில்லை. கையை நீட்டவுமில்லை. "எடித்துக்குச் சொல்லிப்போட்டோ?" என்று கேட்டார்.

"விசரே உனக்கு? எப்பன், ரெண்டு வாய்தான் குடி. வந்த உடன மூடுவம்."

முத்து சிலுவை போட்டுக்கொண்டார். அது யோசேப்புவுக்குப் பிடிக்கவில்லை. முதல் வாய்க்கு முகம் சுளித்து இருமினார். மூன்றாவதுக்கு முதுகு நிமிர்ந்தது. நாலாவதுக்குக் கண்ணை மூடினார். குரல் வந்தது. பழைய குரல். வேலிக்கு அங்காலே, பக்கத்து ஸீனத் வீட்டில், பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்கள். யோசேப்புவுக்கு நெஞ்சு பொங்கிற்று. பேனை ஓடியது, தடக்கியது, மறுபடி ஓடியது. போத்தலை மூட வேண்டும் என்பது அவர் நினைவிலேயே இல்லை.

கோயில் மணி அடித்ததும் வெறும்போத்தலையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு வந்த வழியே போனார். அடுத்த நாள் விடிய, வழமைப்படி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். ஐந்து மாதத்துக்குப் பிறகு போகிற சந்தோசம் காலில் தெரிந்தது.

படலை கட்டியிருந்தது. வேலியடியில் ஸீனத் நின்றாள்.

"உங்களுக்குச் சொல்லேல்லையா காக்கா? நேத்து ராவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. ரெத்தம் ரெத்தமா வாந்தி. எடித்தக்கா கையெல்லாம் ரெத்தம். மில்ரன்தான் குடுத்தவன் எண்டு கத்திக்கொண்டு ஆட்டோவில ஏறினா."

யோசேப்பு வீட்டுக்கு வந்து கொப்பியை விரித்தார். காலையில் கேட்க ஆளில்லாமல் முதல்நாள் பக்கத்தை அவர் வாசிப்பது இதுதான் முதல் தடவை. அகிலமே அதிரவே ஆழியும் குமுறவே என்று தொடங்கியது. பிறகு ஐயையோ. அதற்குக் கீழே நாலு ஐயையோ. பிறகு கடலே நீ நீலமோ, வானே நீ நீலமோ. பிறகு எழுதியதை அவராலேயே வாசிக்க முடியவில்லை.

மறந்துபோன அடிகள் எப்படியிருக்கும் என்று பார்க்கலாமென்று ரங்குப்பெட்டியைத் திறந்து பழைய கொப்பிகளை எடுத்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். நீல மையில் எழுதினதெல்லாம் ஒரே அதிர்வும் குமுறலும் ஐயையோவும்தான். அதற்கு மேல் குறுக்குக்கோடு. குறுக்குக்கோட்டுக்கு மேல், ஓரத்தில், இடைவெளியில், பென்சில். ஊர் இன்றைக்கும் பாடுகிற அடிகள், கல்யாண வீட்டில் பாடுகிறது, செத்த வீட்டில் பாடுகிறது, பெட்டைகள் போனில் பதிந்து வைத்திருக்கிறது, ஒன்று விடாமல் எல்லாம் பென்சில். பதினொரு கொப்பியும் அவருடைய கையெழுத்து. முப்பத்தொரு வருசமாக அவர் கையாலேயே எழுதி, அவர் வீட்டுப் பெட்டியிலேயே கிடந்தது.

மத்தியானமாகியும் அவர் எழும்பவில்லை. சாப்பிடவில்லை. கொப்பிகளைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது.

புதன்கிழமைதான் ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்க விட்டார்கள். எடித் மருந்துத் துண்டோடு வெளியே போயிருந்தாள். முத்து சேலைன் ஏறிக்கொண்டு கிடந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. கண் மட்டும் பழைய கண்.

"கொப்பி கொண்டுவந்தனீயோ?"

"ஓம்."

"வாசி."

யோசேப்பு வாசித்தார். ஒரு சொல் விடாமல், ஐயையோக்களையும் எண்ணி வாசித்தார். முத்துவின் வயிறு குலுங்கிற்று. சிரிப்பு. நொந்திருக்க வேண்டும், கையால் அமத்திக்கொண்டார்.

"எந்த மடையன்டா உதைக் கட்டினவன்?"

"நீதான்."

"அப்ப எழுதின மடையன்?"

"நான்தான்." யோசேப்பு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், உண்மையைச் சொல்லு. காலமையில நீ சொல்லுறது முதல்நாள் பாடினதோ, அப்ப கட்டினதோ?"

முத்து மேலே சுழல்கிற மின்விசிறியைப் பார்த்தார். "முதல்நாள் பாடினது எனக்கு ஒருநாளும் ஞாபகம் இருந்ததில்லை. நீ வந்து கொப்பியை விரிச்சுக்கொண்டு முகத்தைப் பாப்பாய். தெரியாதெண்டு சொல்ல வெக்கம். அதால கட்டினனான்."

"எண்டா ஏன்டா குடிச்சனீ?"

"நீ கொண்டு வந்தனீ." பகிடியாகத்தான் சொன்னார். அடுத்ததைப் பகிடியாகச் சொல்லவில்லை. "காலமையில கட்டுறதெண்டா ஒவ்வொண்டாப் பாக்க வேணும், மச்சான். பாத்தாத்தான் சொல்லலாம். பாக்க நோகும். குடிச்சா ஒண்டையும் பாக்கத் தேவையில்லை, சத்தம் போட்டாக் காணும். சனத்துக்கும் சத்தம் பிடிக்கும். பிறகு நான் குடிக்காட்டி நீ வரமாட்டாய் எண்டு நினைச்சன். குடியை விட்ட உடன நீ வராம விட்டனீதானே."

யோசேப்பு கொப்பியில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினார். பென்சிலை எடுத்தார். "தாய் வாயைத் திறக்கிறா. இனி என்ன சொல்லுறா? சொல்லு."

முத்து கண்ணை மூடவில்லை. "நிறோஜன் போனதுக்குப் பிறகு எடித் அவன்ர தேத்தண்ணிக் கோப்பையை ஒவ்வொரு நாளும் கழுவிக் கவுட்டு வைச்சவள். ரெண்டு வருசம். ஒருத்தரும் அதில குடிக்கேல்ல, ஆனாக் கழுவுவாள். நான் அதைப் பாக்க ஏலாமத்தான் பின்னேரத்தில வீட்டுக்குள்ள போறேல்ல." மூச்சு வாங்கினார். பிறகு மெல்ல, ராகம் இல்லாமல், கணக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"ஏழு கோப்பை கழுவி வைச்சேன், ஏழும் காயக் கண்டேனே.
எட்டாங் கோப்பை என்னுடையது, ஏன் கழுவி வைச்சேனோ."

யோசேப்பு எழுதினார். வாசித்துக் காட்டினார். "மற்றது?"

"களைக்குது. மிச்சம் நாளைக்கு. காலமை வா."

காலையில் போனார். வார்ட்டுக்குள் விடவில்லை. வெள்ளிக்கிழமை அந்தோனிமுத்து போய்ச் சேர்ந்தார்.

செத்த வீட்டில் பெட்டியைத் தூக்க மில்ரன் முன்னால் வந்தான். எடித் அவனுடைய கையைத் தட்டிவிட்டாள். "போத்தல் தூக்கின கையால என்ர மனுசனைத் தூக்காதை" என்றாள், சுவாமிக்கு முன்னால், ஊருக்கு முன்னால். மில்ரன் யோசேப்புவைப் பார்த்தான். பிறகு பின்னுக்குப் போய்ச் சனத்தோடு நின்றுகொண்டான். அந்த இடத்தில் யோசேப்பு தோள் கொடுத்தார்.

திருநாள் தள்ளிப்போகவில்லை. புலவருக்காகவே ஆட வேண்டும் என்று ஊர் சொன்னது. பொழுதுபடத் தொடங்கினார்கள். தாய் வேசத்தில் வந்த கஜீபன் ஏழு சவத்துக்கும் முன்னால் நின்று அந்த இரண்டு அடியையும் பாடினான். அதற்கு மேல் பாட்டில்லை. மத்தளம் நின்றது. அவன் நின்றபடி நின்றான். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி விம்மத் தொடங்க, பிறகு எல்லாரும் அழுதார்கள். முடிவு அப்படித்தான் கட்டியிருக்கிறது என்று சனம் நினைத்தது. ஏட்டுக்கு யோசேப்புவின் பேரைச் சொன்னார்கள். அவர் முன்வரிசையில் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை கரையில் அதே கதைதான். காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. கீரிமீன் வலையைச் சுற்றி ஆறேழு பேர் நின்றார்கள். மில்ரனும் ஒரு ஓரத்தில் வலை உதறிக்கொண்டிருந்தான்.

"ரெண்டே ரெண்டு அடி. குடலைப் பிடுங்கிப் போட்டுது" என்றார் சந்தனம்.

"சும்மாவே? கடைசியாக் குடிச்ச குடியில வந்த பாட்டெல்லோ. உயிரை ஊத்திக் குடிச்சிருக்கிறார் மனுசன்."

"வெறும் வயித்தோட இருக்கிறவனுக்கு உது வராது. அதுக்கு ஒரு ஆள் வேணும், அதுக்கொரு போத்தலும் வேணும்."

"பொய்" என்றார் யோசேப்பு.

எல்லாரும் திரும்பினார்கள்.

"போத்தலில வந்தது என்ர கொப்பியில கிடக்கு. ஐயையோ எண்டு கிடக்கு. வந்து எண்ணிப் பாருங்கோ. இந்த ரெண்டு அடியும் ஆஸ்பத்திரிக் கட்டிலில சேலைன் ஏறேக்க வந்தது. ஒரு சொட்டுக் குடி இல்லாமல். முந்தி வந்ததும் அப்பிடித்தான். எல்லாம் வெறுந்தேத்தண்ணி."

சந்தனம் வெடித்துச் சிரித்தார். "தேத்தண்ணியில பாட்டோ! எண்டா என்ர மனுசி ஒரு நாளைக்கு ஆறுதரம் குடிக்கிறாள், அவளுக்கு ஒரு நாடகம் வந்திருக்க வேணுமே." எல்லாரும் சிரித்தார்கள். "பெரியவர் மச்சானை நினைச்சுக் குழம்பிப் போனார். பாவம், விடுங்கோ" என்றான் இன்னொருவன். மில்ரன் மட்டும் சிரிக்காமல் வலையை உதறினான். அவனைத் தாண்டித்தான் மற்றவர்கள் மீனை அள்ளினார்கள். அவனுக்குப் பங்கு எடுத்து வைக்க ஒருவரும் கூப்பிடவில்லை.

யோசேப்பு நேரே தங்கை வீட்டுக்குப் போனார்.

எடித் முற்றத்தில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை. தலையை நிமிர்த்தாமல், "இருங்கோ அண்ணை, தேத்தண்ணி வைக்கிறன்" என்றாள்.

"வேண்டாம் பிள்ளை. மில்ரன் கேட்டவன்தான். ஆனாக் கொண்டுவந்து குடுத்தது நான். பின்வேலியால வந்தனான். நீங்கள் நவநாளுக்குப் போயிருந்தனீங்கள்."

சுளகு நின்றது. ஒரு பிடி அரிசி விளிம்பால் வழிந்து மணலில் விழுந்தது. கோழி ஒன்று ஓடிவந்து கொத்திற்று. அவள் அதைத் துரத்தவில்லை.

"கேக்கிறவை ஆயிரம் பேர் கேப்பினம்" என்றாள் கடைசியில். "குடுக்கேக்க அவர் என்ன சொன்னவர்?"

"எடித்துக்குச் சொல்லிப்போட்டோ எண்டு கேட்டவன்."

"நீங்கள்?"

"விசரே எண்டு கேட்டனான்."

அவள் அழுவாள், ஏசுவாள், சுளகால் எறிவாள் என்று யோசேப்பு எதிர்பார்த்து நின்றார். எறிந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் சுளகைச் சுவரில் சாத்தினாள். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள். உள்ளே போய் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"எங்க போறாய், பிள்ளை?"

"மில்ரன் வீட்டை. பெட்டி தூக்க வந்தவன்ர கையை ஊருக்கு முன்னால தட்டினனான். தாயும் பெண்சாதியும் பாத்துக்கொண்டு நிண்டவை. போய் மன்னிப்புக் கேக்க வேணும்."

"நானும் வாறன். நான்தானே சொல்ல வேணும்."

"உங்கட மன்னிப்பை நீங்கள் பிறகு போய்க் கேளுங்கோ. இது என்ர." படலை வரைக்கும் நடந்தவள் நின்றாள். திரும்பவில்லை. "அண்ணை, இனிக் காலமையில இந்த வளவுக்கு வராதேங்கோ."

படலையைச் சாத்தாமல் திறந்தபடியே விட்டுவிட்டு அவள் மணல் ஒழுங்கையால் நடந்தாள். அவள் திரும்பி வருவதற்கிடையில் அந்தப் படலையால் வெளியே போய்விட வேண்டும் என்று யோசேப்புவுக்கு விளங்கிற்று.